அம்மாவின் பிபி மாத்திரையும் ரெய்கியும்

ரெய்கி (கை வைத்துச் சக்தி பாய்ச்சுவதாகச் சொல்லும் சிகிச்சை முறை) எடுக்க ஆரம்பித்ததும் அம்மா பிபி மாத்திரையை நிறுத்திவிட்டார், இப்போது தலை சுற்றுகிறது, ரெய்கி ஆசிரியரோ "உடம்பிலுள்ள கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே பிபி பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். சில பிபி மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட எகிறிவிடும். நெஞ்சு வலி, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை மரத்துப்போவது என்று ஏதாவது தெரிந்தால் நேராக அவசரப் பிரிவுதான்.

மருந்தை நிறுத்தச் சொல்வது ரெய்கியின் பகுதியே இல்லை. ஒழுங்காகச் செய்கிறவர்கள், நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்தை மாற்றுவதும் தங்கள் வேலையில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், ரெய்கிக்கு "ஐயாயிரம் வருடப் பழமை" என்று சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. 1922-ல் ஜப்பானில் மிகாவோ உசுயி என்பவர் தொடங்கியது இது. 1930களின் கடைசியில் ஹவாயோ தகாடா என்ற பெண்மணி மூலம் ஹவாய்க்குப் போய், பிறகு மற்ற நாடுகளுக்குப் பரவியது. (பழசாகவே இருந்தாலும் பலிக்கும் என்று என்ன உத்தரவாதம்?) கையிலிருந்து பாய்வதாகச் சொல்லும் அந்தச் சக்தி இருப்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை.

ஆனால் கண்ணை மூடிப் படுத்து, தோளில் ஒருவர் லேசாகக் கை வைத்திருக்க, யாரும் தொந்தரவு செய்யாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் மனசு இளகத்தான் செய்யும். அம்மாவுக்கு அது பிடித்திருந்தால் போகட்டும், சண்டை போடாதீர்கள். மாத்திரை விஷயத்தில் மட்டும் மருத்துவர் சொல்வதே முடிவு. ஆசிரியரிடம் அதை நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள்.