ஒரு கணினி, பல பேர்: கோப்பு யாருடையது?

கொக்குவில் தம்பி: எங்கள் அச்சகத்தில் ஒரே லினக்ஸ் கணினியில் ஐந்து பேர் வேலை செய்கிறோம் அண்ணை. ஒருவர் செய்த கல்யாண அழைப்புக் காட்டை (கார்டை) மற்றவர் திருத்த முடியவில்லை. கோப்புகளுக்கு 777 என்ற அனுமதி எண்ணைக் கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. 777 என்றால் அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் வாசிக்கலாம், மாற்றலாம், இயக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, மிச்சப் பேரெல்லாம் 'மற்றவர்கள்'. உங்களுக்கு வேண்டியது குழு. ஐந்து பேரையும் ஒரு குழுவில் சேர்த்து, காட்டுகள் இருக்கும் அடைவை (ஃபோல்டரை) அந்தக் குழுவுக்கு மாற்றி 2770 கொடுங்கள்: உரிமையாளருக்கு 7, குழுவுக்கு 7, அதாவது முழு அனுமதி; மற்றவர்களுக்கு 0, ஒன்றுமில்லை. முன்னுக்கு நிற்கிற அந்த 2 இருந்தால்தான் உள்ளே புதிதாக உருவாகும் கோப்பு அச்சகக் குழுவுக்குப் போகும், இல்லாவிட்டால் செய்தவரின் சொந்தக் குழுவுக்குப் போய்விடும். புதுக் கோப்புக்கு எந்த அனுமதிகளைக் கொடுக்காமல் விடுவது என்று சொல்லும் யூமாஸ்க் 002 ஆக இருக்கட்டும். 022 என்றால் குழுவினர் வாசிக்கலாம், எழுத முடியாது. பழைய கோப்புகள் தானாக மாறாது, அவற்றை ஒருமுறை கையால் மாற்ற வேண்டும்.

சாவகச்சேரி ஆசிரியை: குழுவில் சேர்த்தும் திறக்கவில்லையே?

வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள் ரீச்சர். இன்னொன்று, ஆளைக் குழுவில் சேர்க்கும் யூசர்மொட் கட்டளையில் எப்போதும் '-ஏஜி' (-aG) என்றே போடுங்கள். அந்த 'ஏ' விடுபட்டால் இருந்த மற்றத் துணைக்குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் ஆள் வெளியே, நிர்வாகி அதிகாரம் தரும் சுடோவும் போய்விடும்.

திருநெல்வேலி மாணவர்: 777 போட்டால் என்ன?

மேலே சொல்லிவிட்டேன், வாசியுங்கள்.

நல்லூர்: வன்தட்டை வீட்டுக் கணினியில் போட்டால் கோப்பெல்லாம் தம்பியின் பெயரில் காட்டுகிறது.

தட்டில் இருப்பது பெயரல்ல, எண். இங்கே உங்கள் பயனர் எண்ணான 1000 அங்கே அவருடைய 1000.

பருத்தித்துறை: என் கோப்புக்கு 600 (நான் மட்டும் வாசிக்க, எழுத) கொடுத்தேன், பொது அடைவில் வேறொருவர் அழித்துவிட்டார். உரிமையாளர் நான்தானே, இது பிழையான ஏற்பாடு இல்லையா?

இல்லை. கோப்பின் பெயர் எழுதியிருப்பது அடைவில். அழிப்பது என்பது அந்தப் பெயரை வெட்டுவது. பள்ளிக்கூட இடாப்பில் ஒரு பெயரை வெட்ட இடாப்பு கையில் இருந்தால் போதும், பிள்ளையைக் கேட்கத் தேவையில்லை. அடைவில் எழுத அனுமதி உள்ளவர் உங்கள் கோப்பை வாசிக்க முடியாமலே அழிக்கலாம்.

கொக்குவில் தம்பி: அப்போ 2770இல் எங்கள் காட்டையும் யாரும் அழிக்கலாமா?

ஐந்து பேரில் யாரும் அழிக்கலாம். 3770 கொடுத்தால் ஸ்டிக்கி பிட் சேரும், தற்காலிகக் கோப்புகளுக்கான பொதுவான டெம்ப் அடைவுக்கு 1777 இருப்பதும் அதற்குத்தான்: கோப்பின் உரிமையாளர், அடைவின் உரிமையாளர், றூட் எனும் கணினி நிர்வாகி, இவர்கள் மட்டுமே அழிக்கலாம்.

பருத்தித்துறை: அப்படியானால் எல்லோரும் 3770 போட வேண்டியதுதானே!

பொறுங்கள். சில மென்பொருள்கள் சேமிக்கும்போது புதுக் கோப்பொன்றை எழுதி, பழையதன் பெயருக்கு மாற்றிவிடும். ஸ்டிக்கி இருந்தால் அடுத்தவர் கோப்பில் அது நடக்காது, திருத்திய காட்டைச் சேமிக்க முடியாமல் நிற்பீர்கள். அச்சகத்துக்கு நான் 2770தான் சொல்வேன், ஒவ்வொரு இரவும் வேறு தட்டில் ஒரு பிரதியோடு.