மேலே தகடு, கீழே டேங்க், நடுவில் ஒரு பம்ப்

கேள்வி: குன்னூரில் ஓட்டுக்கூரை வீடு கட்டி வருகிறோம். சோலார் வாட்டர் ஹீட்டரின் டேங்கைக் கூரைமேல் ஏற்றினால் கூரை தாங்குமா என்று மேஸ்திரி தயங்குகிறார். டேங்கை வீட்டுக்குள் வைத்துப் பம்ப் மூலம் இயக்கும் சாதனத்தைப் போடலாம் என்கிறார் விற்பனையாளர். பம்புக்கு மின்சாரம் செலவழித்துத்தான் வெந்நீர் வரும் என்றால் சூரியன் எதற்கு?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: அந்த மின்சாரம் நீரைச் சூடாக்குவதற்கு அன்று, கூரையில் பிறந்த சூட்டைக் கீழே கொண்டுவருவதற்கு மட்டுமே செலவாகிறது. ஒரு கணக்குப் பார்க்கலாம். 15 டிகிரியில் இருக்கும் 200 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய பத்தரை யூனிட் ஆற்றல் தேவை. இதே அளவு சூட்டைக் கீழே இறக்கும் 40 வாட் பம்ப் நாளுக்கு ஏழு மணி நேரம் ஓடினாலும் செலவு கால் யூனிட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

சமவெளி வீடுகளின் மொட்டைமாடியில் நாம் பார்க்கும் சாதனத்துக்குப் பம்ப் இல்லாததற்குக் காரணம், சுடுநீர் எடை குறைந்து தானாக மேலேறும் இயல்பு. வெயிலை வாங்கி உள்ளே ஓடும் நீரைச் சூடாக்கும் தகட்டிலிருந்து சூடான நீர் மேலே உள்ள டேங்குக்குப் போக, டேங்கின் அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் தகட்டுக்கு இறங்குகிறது. டேங்க் தகட்டுக்கு மேலே இருக்கும்வரைதான் இந்த ஓட்டம் நடக்கும். உங்கள் வீட்டில் டேங்க் கீழே வருவதால் சூட்டை அதன் இயல்புக்கு எதிராக இறக்க வேண்டியிருக்கிறது. பம்புக்கு அங்கேதான் வேலை.

பம்பைவிட முக்கியமானது, அதை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்கு இரண்டு சென்சார்கள் உண்டு: ஒன்று தகட்டின் மேல்முனையில், மற்றொன்று டேங்கின் அடிப்பகுதியில். டேங்கைவிடத் தகடு ஏழெட்டு டிகிரி கூடுதலாகச் சூடேறினால் பம்ப் ஓடத் தொடங்கும். வேறுபாடு இரண்டு மூன்று டிகிரியாகச் சுருங்கினால் நின்றுவிடும். தொடங்கும் அளவும் நிற்கும் அளவும் ஒன்றாக இருந்தால், குளிர்ந்த நீர் தகட்டுக்குள் நுழைந்த மறுநிமிடமே பம்ப் நின்று, மீண்டும் ஓடி, மீண்டும் நின்று சீக்கிரமே தேய்ந்துவிடும் என்பதால்தான் இந்த இடைவெளி. தகட்டோடு ஒட்டாமல் சென்சார் தளர்ந்து தொங்கினால் பெட்டி தவறான கணக்கைப் போடும். நல்ல வெயிலிலும் பம்ப் சும்மா இருக்கும். ‘சோலார் வேலை செய்யவில்லை’ என்ற புகார் எழும்போது முதலில் பார்க்க வேண்டிய இடங்களுள் இதுவும் ஒன்று.

இரவில் வேறொரு சிக்கல் உண்டு. பம்ப் நின்ற பிறகும், கீழே டேங்கில் இருக்கும் சுடுநீர் தானாகக் குழாய்வழி ஏறி, குளிர்ந்து கிடக்கும் தகட்டில் சூட்டைப் பறிகொடுத்துத் திரும்பும். பகலெல்லாம் சேர்த்ததை இரவில் வானத்துக்கு வார்ப்பதைப் போன்றது இது. குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறதா என்று தவறாமல் கேளுங்கள்.

நீலகிரியில் உறைபனியையும் கணக்கில் கொள்ள வேண்டும். டிசம்பர், ஜனவரியில் தெளிந்த இரவுகளில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தகடு தன் சூட்டைக் கதிர்வீச்சாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். ஆகவே வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி காட்டும்போதே தகட்டின் மெல்லிய செப்புக்குழாய்களில் நீர் உறையக்கூடும். நீர் உறையும்போது ஒன்பது விழுக்காடு அளவுக்கு விரிவதால் குழாய் வெடிக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, தகட்டுக்கும் டேங்குக்குள் இருக்கும் செப்புச் சுருளுக்கும் இடையே மூடிய சுற்றாக, புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த உறையாத திரவத்தைச் சுற்றவிடுவது. குளிக்கும் நீர் அந்தத் திரவத்தோடு கலப்பதில்லை. சுருளைத் தொட்டுச் சூடேறுவதோடு சரி. சூட்டில் விரியும் திரவத்துக்கு இடம் தரும் விரிவுக்கலனும், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பாதுகாப்பு வால்வும் இந்தச் சுற்றில் கட்டாயம். இரண்டாவது வழியில் வெறும் நீரே சுற்றும். ஆனால் பம்ப் நின்றவுடன் தகட்டில் உள்ள நீர் முழுவதும் வீட்டுக்குள் இருக்கும் சிறு கலனுக்குத் தானாக வடிந்துவிடும். வெறுமையான தகட்டில் உறைவதற்கு எதுவும் இருக்காது.

நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். நடுப்பகலில் மின்தடை வந்து பம்ப் நின்றால், கிளைக்கால் தகட்டிலேயே தங்கிக் கொதிக்கும். இப்படிப் பலமுறை நேர்ந்தால் அது சிதைந்து அமிலத்தன்மை பெற்றுக் குழாய்களை அரிக்கத் தொடங்கும். வடியும் அமைப்பிலோ வெற்றுத் தகடுதான் காயும். ஆனால் எல்லாக் குழாய்களும் சரியான சரிவில் போடப்பட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் குழாய் தொய்ந்து நீர் தேங்கினாலும் அந்த இடமே உறைந்து வெடிக்கும். அந்த நுணுக்கம் தெரிந்த பிளம்பர் கிடைக்காவிட்டால் கிளைக்காலையே தேர்ந்தெடுத்து, பம்பைச் சிறிய சூரிய மின்தகட்டோடு இணைத்துவிடுங்கள். வெயில் இருக்கும்போது பம்பும் ஓடும், மின்தடை அதைத் தொடாது.

மழைநாளுக்காகப் பொருத்தும் மின்சுருள் டேங்கின் மேற்பாதியில் இருக்கட்டும். அடியில் வைத்தால் டேங்க் முழுவதையும் மின்சாரமே சூடாக்கிவிடும். அடியிலுள்ள சென்சாரும் சூடாகவே இருப்பதால் பம்பை ஓட்ட வேண்டியதில்லை என்று பெட்டி முடிவு செய்துவிடும்.

கேள்வி: எங்கள் மாடியில் பம்ப் இல்லாத பழைய சோலார் ஹீட்டர் நன்றாகவே இயங்குகிறது. பம்ப் வைத்தால் இன்னும் சூடு கிடைக்குமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தேவையில்லை. இயற்கையாகவே ஓடுகிற நீருக்குப் பம்ப் வைப்பது பழுதாவதற்கு ஒரு பொருளைக் கூட்டுவதுதான். அந்தப் பணத்தில் தகட்டின் கண்ணாடியைத் துடைக்கவும், உப்புநீரால் குழாய்க்குள் படிந்த காரையை நீக்கவும் ஆள் வையுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகள் வீட்டில் குளிர்காலம் முழுவதும் எரிவாயுவால் அறைகளைச் சூடாக்குகிறார்கள். அங்கே வெயிலால் வீட்டையே சூடாக்க முடியாதா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். வெயில் மிகுந்த மாதங்களில் சூடு தேவைப்படுவதில்லை, தேவைப்படும் மாதங்களில் வெயில் குறைவு என்பதுதான் இடர். 1939-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஹாய்ட் ஹாட்டல் என்பவரின் தலைமையில் கட்டிய ஆய்வு வீட்டில், கோடையின் சூட்டை நிலவறையின் மாபெரும் நீர்த்தொட்டியில் சேர்த்துக் குளிர்காலத்தில் பயன்படுத்தினார்கள். சூடு கிடைத்தது, செலவு கட்டுபடியாகவில்லை.

இதே எண்ணத்தை ஒரு குடியிருப்பின் அளவுக்குப் பெரிதாக்கியது கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஓக்கோடோக்ஸ் நகரில் 2007-இல் இயங்கத் தொடங்கிய டிரேக் லேண்டிங் குடியிருப்பு. 52 வீடுகளின் கார் கொட்டகைக் கூரைகளில் சுமார் 800 தகடுகள் பொருத்தி, அவற்றில் பிறந்த கோடைச் சூட்டை ஏறத்தாழ 37 மீட்டர் ஆழமுள்ள 144 துளைகளின் வழியே மண்ணுக்குள் செலுத்தி, குளிர்காலத்தில் அதைப் பம்ப் மூலம் திரும்ப எடுத்தார்கள். மண் சூடேறவே சில ஆண்டுகள் பிடித்தன; பின்னர் 2015-16 குளிர்காலத்தில் வீடுகளின் அறைச்சூடு முழுவதும் சூரியனிலிருந்தே கிடைத்தது. ஆனால் பதினேழு ஆண்டுகள் ஓடிய பின், உறுப்புகள் பழுதாகி, மாற்றுப்பாகம் கிடைப்பது அரிதாகி, 2024-இல் அந்த அமைப்பைக் கைவிட முடிவு செய்து வீடுகளை எரிவாயுவுக்கு மாற்றினார்கள்.

தனி வீட்டில் உங்கள் மகள் இந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. அறைச்சூட்டை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் தேவைப்படும் குளியல் நீருக்கு மட்டும் தகடு வைக்கலாம். அல்லது 35 டிகிரி அளவுக்குக் குறைந்த சூட்டிலேயே இயங்கும் தரையடிக் குழாய்ச் சூடாக்கம் அவர்கள் வீட்டில் இருந்தால், இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் எரிவாயுவின் வேலையில் ஒரு பங்கைத் தகடுகளிடம் ஒப்படைக்கலாம்.