மைனஸ் 34-இல் வாட்டர் ஃபில்டர்: குண்டு பல்பைக் கழற்றியவனின் பதில்

கேள்வி: மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே போகும் ஊரில், போர்வெல் தண்ணீரை நம்பியுள்ள வீடு. ஃபில்டர், ஆர்.ஓ. எல்லாம் குளிர்காலத்தில் உறையாமல் ஓட என்ன செய்யலாம்?

நான் இருப்பது கனடாவின் மனிடோபாவில், வின்னிபெக்கிலிருந்து முக்கால் மணி நேரத் தூரம். நகராட்சிக் குழாய் இங்கே வராது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பம்ப் அறை. அதற்குள் பிரஷர் டேங்க், மண் வடிகட்டும் ஃபில்டர், கிருமிக்குப் புற ஊதா விளக்கு. சமையலறை சிங்க்குக்கு அடியில் ஆர்.ஓ.

வீட்டை வாங்கியபோது அந்தப் பம்ப் அறையில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. ஆளே இல்லாத அறைக்கு எதற்கு விளக்கு என்று கழற்றிவிட்டு 9 வாட் எல்.இ.டி. மாட்டினேன். கரண்ட் மிச்சம் பிடித்த பெருமை வேறு. ஜனவரியில் மைனஸ் 34-க்கு இறங்கிய ஒரு காலையில் குழாயைத் திறந்தால், யாரோ இருமுவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான், தண்ணீர் இல்லை.

தெரிந்த பிளம்பர் அண்ணா ஒருவரைக் கூப்பிட்டேன், யாழ்ப்பாணத்துக்காரர். பம்ப் அறைக்குள் வந்தவர் நேராக அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, இதில இருந்த பழைய பல்ப் வெளிச்சத்துக்கெண்டா நினைச்சனீங்கள்?"

குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வரும். சுவர்களுக்குள் பஞ்சு அடைத்த அந்தச் சின்ன அறைக்கு அதுதான் ஹீட்டராக இருந்திருக்கிறது. எனவே முதல் விஷயம் இதுதான்: கருவி இருக்கும் அறையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். பைப்புக்குச் சுற்றும் நுரை உறையை மட்டும் நம்பாதீர்கள். அது உள்ளே இருக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், சூட்டை உண்டாக்காது. கல்லுக்கு ஸ்வெட்டர் போட்டால் கல் சூடாகிவிடுமா? பைப்பைச் சூடாக்கும் மின்கம்பியான ஹீட் கேபிள் சுற்றுவதென்றால், சூட்டைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண வகையில் ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறினால் அந்த இடம் தீய்ந்து, நெருப்பு பிடிக்கவும் வாய்ப்புண்டு.

பெரிய குழாய்கள்தான் உறைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அண்ணா விரலை வைத்துக் காட்டிய இடம், அழுத்தத்தைப் பார்த்துப் பம்ப்பை ஓடவிடும் பிரஷர் சுவிட்சுக்குப் போகும் கால் அங்குலக் குழாய். அதில் தண்ணீர் ஓடாது, சும்மா நிற்கும். அழுத்தம் குறைந்ததை சுவிட்சுக்குச் சொல்வது அந்தத் துளித் தண்ணீர்தான். அது உறைந்துவிட்டால் டேங்க் காலியானதே சுவிட்சுக்குத் தெரியாது, பம்ப்பும் ஓடாது. "ஓடுற தண்ணி லேசில உறையாது தம்பி, நிண்டாத்தான் உறையும்" என்றார். மனைவியின் ஹேர் ட்ரையரைக் கொண்டு வந்து ஐந்து நிமிடம் காட்டினோம், 'டக்' என்று சுவிட்ச் விழுந்தது. நெருப்பை வைத்து உருக்க மட்டும் முயல வேண்டாம்.

அவர் கையோடு பம்ப்பின் மெயின் சுவிட்சை அணைத்தபோது எனக்குக் காரணம் புரியவில்லை. பனி உருகத் தொடங்கியதும் புரிந்தது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. ஃபில்டரின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிண்ணத்தில் மரைக்குக் கீழே தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். பனிக்கட்டியே அதை அடைத்துக்கொண்டிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை, உருகிய பிறகு சொட்டச் சொட்ட வந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அறை முழுக்க வெள்ளமாகியிருக்கும். புற ஊதா விளக்கைச் சுற்றியிருக்கும் குவார்ட்ஸ் குழாயும் இரண்டு துண்டு. புதியது வரும் வரை தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, கொதி வந்த பின்னும் ஒரு நிமிடம் வைத்துத்தான் குடித்தோம்.

உடைந்தது தெரிந்தால்கூடப் பரவாயில்லை. தெரியாமல் உடைவது இன்னும் ஆபத்து. நுண்ணிய குழல்களால் ஆன யு.எஃப். ஃபில்டர், முகாமுக்கு எடுத்துப் போகிறோமே அந்தக் கைஃபில்டர், இவை நனைந்தபின் ஒருமுறை உறைந்தாலே குழல்களில் கீறல் விழலாம். வெளியே புதுசு போலவே இருக்கும், தண்ணீரும் வரும், கூடவே கிருமியும் வரும். உறைந்ததா என்று சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட்டுவிடுங்கள். நான் இதில் விலை பார்ப்பதில்லை.

அடுத்து ஆர்.ஓ. உறையாவிட்டாலும் குளிரில் அது மந்தமாகிவிடும். அட்டைப் பெட்டியில் 'ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர்' என்று போட்டிருப்பது 25 டிகிரித் தண்ணீருக்கு. எங்கள் போர்வெல் தண்ணீர் 6 டிகிரிதான். 5 டிகிரித் தண்ணீர் 25 டிகிரித் தண்ணீரைவிட 1.7 மடங்கு கெட்டி. ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 3 சதவீதம் உற்பத்தி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 190 லிட்டர் என்று போட்ட மெம்பிரேன் (ஆர்.ஓ.வுக்குள் உப்பைத் தடுக்கும் சவ்வு) இங்கே அதில் பாதி கொடுத்தாலே பெரிது. முதல் வருடம் இது தெரியாமல், மெம்பிரேன் அடைத்துக்கொண்டது என்று நல்ல மெம்பிரேனை மாற்றிவிட்டேன். புதியதும் அதே மெதுவாகத்தான் கொட்டியது. கொஞ்சம் பெரிய மெம்பிரேனும் சேமிப்புத் தொட்டியும் வைத்துக்கொள்வதுதான் தீர்வு. சுடுதண்ணீர்க் குழாயில் இணைக்கும் யோசனை வேண்டாம், மெம்பிரேன் பாழாகும்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் உப்பும் மெம்பிரேனைக் கடந்து குறைவாகத்தான் வரும். அதாவது குளிர்காலத்தில் ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, கொஞ்சம் இறங்க வேண்டும். எனக்கு ஒரு பிப்ரவரியில் அது 20-இலிருந்து 110-க்கு ஏறியது. மெம்பிரேன் நன்றாகவே இருந்தது. கழிவுநீரைக் கொண்டுபோகும் பென்சில் தடிமன் குழாய், தரைக்கு அடியில் வெளிச்சுவரை ஒட்டிப் போகும் இடத்தில் உறைந்திருந்தது. கழிவுக்குப் போக வழியில்லை, உப்பெல்லாம் மெம்பிரேன் பக்கமே சேர்ந்துகொண்டிருந்தது. குழாயை வீட்டுக்குள் சிங்க் வடிகாலுக்கே திருப்பிவிட்டேன், ஓரிரு நாளில் பழைய எண்ணுக்கு வந்தது. பனி ஊரில் டி.டி.எஸ். மீட்டர் வாங்க ஆகும் சின்னச் செலவு வீண் போகாது.

பொங்கலுக்கு மதுரைக்குப் போகிறோம், வீடு நாலு வாரம் பூட்டியிருக்கும் என்றால், எதையும் ஓட வைக்கப் பார்க்காதீர்கள். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. பம்ப்பை அணைத்து, பிரஷர் டேங்க்கைக் காலி செய்து, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, தாழ்வான இடங்களில் தேங்கியதையும் ஊதி எடுத்துவிடுங்கள். ஆர்.ஓ. மெம்பிரேனைக் கழற்றி ஈரத்தோடு பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, ஃபிரிட்ஜில் கீழ்த் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. காயவும் கூடாது, உறையவும் கூடாது. சொல்லிவைக்காவிட்டால் வீட்டில் யாராவது அதைக் கருவாடு என்று நினைத்துவிடுவார்கள்.

குண்டு பல்பு? அது இப்போது கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. வெளிச்சமே தராமல் சூடு மட்டும் தரும் செராமிக் பல்பு செல்லப்பிராணிக் கடைகளில் விற்கிறார்கள், ஓணான் வளர்ப்பவர்களுக்காக. ஹோல்டர் பீங்கானாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். சுமார் 2 டிகிரிக்கு இறங்கினால் போட்டு, 7-க்கு ஏறினால் அணைக்கும் பிளக்கில் அதைச் செருகியிருக்கிறேன். இரண்டு பல்பு, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். ஒவ்வொரு அக்டோபரிலும் வாங்கப் போகும்போது, என்ன பிராணி வளர்க்கிறீர்கள் என்று கடைக்காரப் பெண் கேட்கிறாள். போர்வெல் என்று சொல்லிப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை.