கதவுக் கீல் போல்ட் துருவேறி அசையவில்லை: உடைக்காமல் கழற்றுவது எப்படி?

கேள்வி: ஏற்காடு நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் வேலைக்கு ஓடும் பழைய ஜீப். டிரைவர் பக்கக் கதவு தொங்குகிறது, தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது. கீலைக் கழற்றிப் புதுசு போடலாம் என்று பார்த்தால், மேல் கீலில் இரண்டு போல்ட் வந்துவிட்டது. கீழ்க் கீலில் ஒன்று அசையவே இல்லை, இன்னொன்றின் தலை உருண்டுபோய்விட்டது. இரண்டு நாளாக டபிள்யூடி-40 அடித்தும் பலனில்லை. கேஸ் வைத்துச் சூடு காட்டலாமா? சேலத்துக்கு இறக்கிப் பட்டறையில்தான் விட வேண்டுமா?

பதில்: பட்டறைக்குப் போகாமலே முடிக்கலாம், வெல்டிங் தேவைப்படும் கட்டம் ஒன்றைத் தவிர. சூடும் காட்டலாம், ஆனால் அது முதல் வேலை இல்லை.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்து முனையை இரண்டு கையாலும் மேலே தூக்கி இறக்குங்கள். இன்னொருவர் கீலையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். கீலின் இரண்டு தகடும் அசையாமல் நடுவில் உள்ள பின் மட்டும் ஆடினால், தேய்ந்தது பின்னும், அதைச் சுற்றியிருக்கும் குழாய் வளையமான புஷ்ஷும்தான். அவற்றை மட்டும் மாற்றினால் கதவு நிமிர்ந்துவிடும், பாடியில் இருக்கும் போல்டைத் தொடவே வேண்டாம். தகடே பாடியை விட்டு அசைந்தாலோ, கீலில் விரிசல் தெரிந்தாலோதான் கழற்ற வேண்டிய அவசியம். கதவு தொங்கினாலே கீலை மாற்ற வேண்டும் என்று நினைத்து நல்ல போல்டை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

கீழ்க் கீல் மட்டும் இப்படி இறுகிப்போனதற்குக் காரணம் உண்டு. மழை நீரும் பனிமூட்டத்தின் ஈரமும் கதவோரமாக வழிந்து கீழ்க் கீலில்தான் தங்கும். அதன் மேல் டயர் வாரி அடிக்கும் சேறு வேறு. இரும்பு துருவாகும்போது பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் ஊதும். மரைக்குள் ஊத இடமில்லாததால் போல்டையும் நட்டையும் ஆப்பு வைத்ததுபோல நெருக்கிவிடுகிறது. அந்தத் துருவை முதலில் நொறுக்க வேண்டும். ஸ்பேனருக்கு நீளக் குழாய் மாட்டி இழுத்தால் துரு நொறுங்காது, போல்டின் கழுத்துதான் முறுகும்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். பல வண்டிகளில் போல்ட் போய்ப் பிடிப்பது முன் தூணுக்குள் (கீல் பொருந்தும் பாடித் தூண்) இருக்கும் மரை போட்ட தகட்டில். கதவை முன்பின் நகர்த்திச் சரிசெய்ய வசதியாக அந்தத் தகடு ஒரு கூட்டுக்குள் சற்றுத் தளர்வாகவே நிற்கும். எல்லா போல்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் தகடு தூணுக்குள் நழுவ வாய்ப்புண்டு. விழுந்தால் தூணைச் சன்னல்போல் வெட்டி எடுத்து, மறுபடி வெல்டிங், டிங்கரிங், பெயின்ட் என்று வேலை இழுத்துவிடும். அதனால் ஒரு கீலில் எப்போதும் ஒரு போல்டாவது மாட்டியிருக்கட்டும். கீலை எடுத்தவுடன் ஒரு துளையில் உதிரி போல்ட் ஒன்றைக் கையால் இரண்டு மரை ஏற்றி வையுங்கள்.

இனி வேலை. கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள், திரும்பப் பொருத்தும்போது அதுதான் வழிகாட்டி. கதவுக்கடியில் ஜாக்கி வைத்து மேலே மரத்துண்டு கொடுங்கள். கதவின் பாரம் போல்டில் தொங்கும்வரை மரை ஒரு பக்கமாகப் பிடித்தபடியே இருக்கும். பாரத்தை எடுத்த மாத்திரத்தில் அசைந்துவிடும் போல்டும் உண்டு.

டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது. இந்த அளவு துருவுக்குள் இறங்க அதைவிடச் சிறந்தது, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சமபாகம் கலந்தது. இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் பெயின்ட்டைத் தின்னும், சட்டென்று தீப்பிடிக்கும். சொட்டுச் சொட்டாக, போல்ட் தலையும் தகடும் சேரும் இடுக்கில் மட்டும் விடுங்கள். அதற்கு முன் அந்த இடுக்கைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுக்காவிட்டால், மேலே காய்ந்த பெயின்ட்டும் சேறும் எண்ணெயை உள்ளேயே விடாது. இரண்டு நாள் அடித்தும் பலனில்லை என்கிறீர்களே, பெரும்பாலும் இதுதான் கோளாறு.

எண்ணெய் விட்டதும் போல்ட் தலையின் நடுவில் மழுங்கிய உளியை வைத்து நேராக, அளவான சுத்தியலால் பத்துப் பதினைந்து அடி. இந்த அதிர்வில்தான் துரு விரிசல் விடுகிறது, எண்ணெய் அந்த விரிசலில் இறங்குகிறது. காலை, மாலை, மறுநாள் காலை என்று மூன்று தடவை செய்யுங்கள்.

பிறகு ஆறு பட்டை சாக்கெட். 13 எம்எம் தலைக்கு 13 எம்எம் சாக்கெட்டைத் தட்டி அடிவரை உட்கார வையுங்கள். பன்னிரண்டு பட்டை ரிங் ஸ்பேனர் மூலையை மட்டுமே கவ்வும், உங்கள் இரண்டாவது போல்ட் உருண்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு திருப்புங்கள், அப்புறம் கழற்றும் பக்கம். இங்கே கையின் உணர்வுதான் முக்கியம். 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தால் துரு உடைந்துவிட்டது. சத்தமே இல்லாமல் ரப்பரைத் திருகுவதுபோல் வளைந்து, கையை விட்டதும் திரும்பி வந்தால், போல்ட் முறுகிக்கொண்டிருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் கால் சுற்று இழுத்தால் தலை கையோடு வந்துவிடும்.

அசைந்த போல்டையும் ஒரே இழுப்பாகக் கழற்றக் கூடாது. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய். மரையோரம் செம்மண் கரைசல்போல் துரு கசிந்து வந்தால் சரியாகப் போகிறது என்று பொருள்.

இதற்கும் மசியாவிட்டால்தான் சூடு. தூணின் உட்பக்கம் ஒயர் ஓடும், ரப்பரும் பஞ்சும் ஒட்டியிருக்கும். உள் அட்டையைக் கழற்றி, ஒயரை ஒதுக்கி, ஈரச் சாக்கு வைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே நெருப்பு. அசிட்டோன் விட்ட இடத்தைத் துடைத்து முழுதாகக் காயவிட்டிருக்க வேண்டும். டப்பாவும் கிட்டே இருக்கக் கூடாது. சிறிய கேஸ் டார்ச்சால் போல்ட் தலையை மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் சூடாக்குங்கள், சிவக்கத் தேவையில்லை. சுடச்சுட ஸ்ப்ரே அடித்தால் குப்பென்று பற்றும். டார்ச்சை அணைத்துத் தள்ளி வைத்துவிட்டு, தலையோரம் மெழுகுவத்தியைத் தொடுங்கள், உருகி மரைக்குள் இழுத்துக்கொள்ளும். ஆறிய பின் மறுபடி சாக்கெட். வேலை முடிந்து கால் மணி நேரமாவது அந்த இடத்திலேயே இருந்து புகை வருகிறதா பாருங்கள்.

உருண்ட தலைக்கு முதல் வழி, ஒரு அளவு சிறிய 12 எம்எம் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது. அதுவும் வழுக்கினால், துத்தநாகப் பூச்சு இல்லாத 10 எம்எம் நட்டு ஒன்றைத் தலைமேல் வைத்து, அதன் துளை வழியே வெல்டிங் நிரப்பச் சொல்லுங்கள். பூச்சுள்ள நட்டின் புகை உடம்புக்குக் கெடுதல், வெல்டிங்கும் சரியாகப் பிடிக்காது. வெல்டிங் சூடு போல்டின் நடுத்தண்டு வழியாக மரை வரை போவதால் இது டார்ச்சைவிட நன்றாகக் கேட்கும். நன்றாக ஆறவிட்டுத் திருப்புங்கள்.

வெல்டிங் வசதி மலையில் கிடைக்காவிட்டால், தலையின் நடுவில் புள்ளிக் குத்தி, 3, 5, கடைசியில் 8 எம்எம் டிரில்லால் தலையின் ஆழம் மட்டும் துளையுங்கள். தலை வளையமாகக் கழன்றுவிடும், கீலை உருவலாம். கீல் தகட்டின் கனம் அளவுக்கு ஒரு குச்சி நீட்டிக்கொண்டு நிற்கும். தலையின் இறுக்கம் போய்விட்டதால், எண்ணெய் விட்டு வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) பிடித்தால் பல நேரம் கையோடு சுழலும். ஒடிந்த போல்டில் துளையிட்டுத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் கருவிக்கு முன் இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன். ஈஸி அவுட் கடினமான எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது, அதோடு கதை வேறாகிவிடும்.

திரும்பப் பூட்டும்போது பழைய போல்டைப் போடாதீர்கள். போல்டின் மரை அளவை எடுத்துக்கொண்டு, 8.8 என்று வலிமைத் தரம் தலையில் பொறித்த புதுசாக வாங்குங்கள். தூணின் மரையை அதே அளவு டேப்பால் (மரை வெட்டும் கருவி) ஒருமுறை ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். 8 எம்எம் போல்ட் என்றால் பெரும்பாலும் 1.25 பிட்ச், அதாவது மரைக்கு மரை 1.25 எம்எம். பழைய ஜீப்பில் இன்ச் மரையும் இருக்கும் என்பதால், கழற்றிய போல்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. மரையில் தாமிர கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது. கிரீஸ் தடவினால் அதே விசைக்குப் போல்ட் அதிகம் இழுபடும். இறுக்கும் அளவு 25 நியூட்டன் மீட்டர் என்று சொல்லியிருக்கும் இடத்தில் 20 வைத்தால் போதும். மார்க்கர் கோட்டில் கீலை நிறுத்தி, பாதி இறுக்கி, கதவை மெதுவாகச் சாத்தி இடைவெளி பார்த்து, அதன் பிறகு முழுதாக இறுக்குங்கள்.

கடைசி போல்டை இறுக்கும்வரை ஜாக்கியை எடுக்க வேண்டாம். அரைகுறைக் கதவோடு மட்டும் 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கிவிடாதீர்கள். வண்டியைக் கீழே கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், கதவை முழுதாகக் கழற்றி வண்டிக்குள் போட்டு, ஓட்டுபவர் பெல்ட் போட்டுக்கொண்டு மெதுவாக இறங்கட்டும்.