கடைக்காரர் காட்டும் பெரிய தோட்டா

கேள்வி: எச்-1பி விசாவில் டெக்சாஸில் இருக்கிறேன். நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றி, அடுத்த வருடம் கொலராடோவில் எல்க் மான் என்று வேட்டைத் திட்டம். கடைக்காரர் .500 ஸ்மித் அண்ட் வெஸன் மேக்னம் ரிவால்வரைத்தான் வாங்கச் சொல்கிறார். .44 மேக்னம் போதாதா?

பதில்: முதலில் விசா. டெக்சாஸில் நில உரிமையாளர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட 2019 முதல் வேட்டை லைசென்ஸ் தேவையில்லை. நண்பர் இதைச் சொல்லியிருப்பார். ஆனால் எச்-1பிகாரர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் இருந்தால்தான் விலக்கு. அதனால் பன்றிக்குத் தேவையில்லாத லைசென்ஸ் உங்களுக்குத் தேவை. அதை எடுத்த பிறகு கடைக்குப் போங்கள்.

சரி, தோட்டா. 1955-இல் வந்த .44 மேக்னம் பன்றிக்குத் தாராளம். எல்க் 50 கஜத்துக்குள் பக்கவாட்டில் நின்றால் அதற்கும் போதும். 2003-இல் வந்த .500-க்கு அதைப்போல் இரண்டரை மடங்கு சக்தி. எட்டே கால் அங்குலத்துக்குச் சற்று மேல் குழல் நீளமுள்ள ரிவால்வர் காலியாகவே 2 கிலோ, ஐந்தே தோட்டா. தோட்டா விலையைப் பார்த்தால் பயிற்சிக்கே மனசு வராது.

வாடகைத் துப்பாக்கி தரும் ரேஞ்சில் ஒரு சோதனை செய்யுங்கள். தோட்டாக்கள் உட்காரும் உருளையில் ஓர் அறையில் மட்டும் சுட்டு முடித்த காலிக் கூட்டைப் போட்டு, மற்றதில் தோட்டா போட்டு, உருளையைச் சுற்றிவிட்டுச் சுடுங்கள். அந்த அறை வரும்போது வெறும் ‘க்ளிக்’தான். அப்போது குழல் முனை குனிந்தால், உதைக்குப் பயந்து நீங்களே குறியைக் கெடுக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால், சக்தியில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் .454 கசூல் ரிவால்வர். அதில் .45 கோல்ட் தோட்டாவும் போகும். வாரக் கடைசிப் பயிற்சியை அதில் வைத்துக்கொள்ளலாம். ஒரே தொல்லை, அந்தக் குட்டையான .45 கோல்ட் தோட்டா சுடச்சுட அறைக்குள் கரி வளையம் படியும், அப்புறம் .454 முழுதாக உட்காராது. பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

எல்க்குக்கு முனையில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் குண்டு வேண்டாம், சீக்கிரம் விரிந்து பாதியில் நின்றுவிடும். கடினமாக வார்த்த ஈயக் குண்டு ஆழமாகப் போகும். எந்தப் பெட்டி வாங்கினாலும் நாலு சுட்டு, மீதி இருப்பதை எடுத்துப் பாருங்கள். உதையில் குண்டு கூட்டிலிருந்து முன்னே நகர்ந்திருந்தால் உருளை சிக்கிக்கொள்ளும். வேறு பிராண்டுக்கு மாறுங்கள்.