மகனை ராக் கிளைம்பிங் கேம்புக்கு அனுப்பலாமா?

கேள்வி: ஓசூரில் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ராக் கிளைம்பிங் ஆசை. ராமநகராவில் ஒருநாள் கேம்ப் என்று விளம்பரம் வந்தது. பணம் கட்டலாமா? இந்த விளையாட்டு எங்கே தொடங்கியது?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில் அந்த ஏஜென்டிடம் ஒன்றைக் கேளுங்கள்: "என் பையன் ஏறும்போது கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவர் யார்? எங்கே பயிற்சி எடுத்தவர்?" அப்படிப் பிடிப்பதைத்தான் பிலே என்கிறோம். பையனின் உயிர் அந்தக் கையில் இருக்கிறது. பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். விளம்பரம் போடுபவர் ஒருவர், மலையில் நிற்பவர் அன்று காலை கூலிக்கு வந்த இன்னொருவர் என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

இன்னொரு ஏமாற்று: பின்பக்கமாக நடத்தி உச்சிக்குக் கூட்டிப்போய், கயிறு கட்டிக் கீழே இறக்கி, போட்டோ எடுத்துக் கொடுப்பார்கள். அது ராப்பெல்லிங். ஏறக் கற்றதாக ஆகாது.

கயிற்றையும் பாருங்கள். ஏறுவதற்கு டைனமிக் கயிறு வேண்டும். விழும்போது அது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஸ்டாடிக் கயிறு அவ்வளவாக நீளாது. இறங்க மட்டும் என்றால் ஸ்டாடிக் சரி. மேலே நங்கூரமிட்டு, தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்து ஏற்றும்போதும் சிலர் அதைப் பயன்படுத்துவார்கள்; விழும் தூரம் குறைவு என்பதால் அது பரவாயில்லை. ஆனால் கயிற்றைக் கீழிருந்து கொண்டுபோய், கொக்கிகளில் மாட்டியபடி ஏறுவதற்கு ஸ்டாடிக் கூடவே கூடாது. விழுந்தால் இடுப்பு தாங்காது.

பாறை ஏறக் கூட்டிப்போக முறையாக அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று மாதம் நடந்திருக்கிறேன். அனுமதியே கேட்காமல் நாற்பது பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வருபவரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. எனக்கு ஆறவில்லை.

சரி, எங்கே கற்கலாம்? முதலில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தின் செயற்கைச் சுவர். நேரம் விசாரித்துவிட்டுப் போங்கள். கை பழகியபின் ராமநகரா கருங்கல் பாறைகள். அங்குள்ள ராமதேவர பெட்டா குன்று மட்டும் வேண்டாம். 2012 முதல் அது பாறுக் கழுகுகளின் சரணாலயம். சாவன்துர்கா, பாதாமி பாறைகள் எல்லாம் பிறகு.

தொடக்கம் என்றால், பாறை ஏறுவது வெகுகாலம் மலையேற்றத்தின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது. 1886இல் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் நேப்ஸ் நீடில் என்ற ஊசிப் பாறையில் ஹாஸ்கெட் ஸ்மித் தனியாக ஏறி, உச்சியில் கைக்குட்டையை விட்டுவந்தார். ஏறுவதற்காகவே ஏறும் பழக்கம் அங்கே பரவியது அதற்கப்புறம்தான். அவர் கயிறில்லாமல் ஏறினார் என்பதைப் பையனிடம் வீரக்கதையாகச் சொல்லாதீர்கள்.

பாறை ஏறுவதற்கான தனி ஷூ இப்போதே வாங்க வேண்டாம். நகத்தை வெட்டி அனுப்புங்கள். பாறைக்குப் போகும் நாளில் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். வெயில் ஏறினால் கருங்கல் கையைச் சுடும்.