அவசர காலத்துக்காக உங்கள் குடும்பத்தில் கடைப்பிடிக்கும் எளிய பாதுகாப்புப் பழக்கம் எது? (மும்பை)

மும்பை என்று போட்டிருப்பதால், நீங்கள் சமீபத்தில் இங்கே குடிவந்தவர், பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். டார்ச், முதலுதவிப் பெட்டி பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் முக்கியமான பழக்கம், ஏதாவது ஆனால் யார் எங்கே இருப்பது, யாருக்குத் தகவல் சொல்வது என்பதை முன்னாடியே பேசி வைத்துக்கொள்வதுதான்.

இதை ஆரம்பித்தவர் என் மாமனார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். ஜூன் பிறந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்வார். என் மகனுக்கு அவர் சொன்னது இது: "மழை பெருத்தா வேன்ல ஏறாதே, ஸ்கூல்லயே இரு. அப்பா, அம்மா, தாத்தா, மூணாவது மாடி ஆன்ட்டி தவிர யார் கூப்பிட்டாலும் போகாதே." இந்த நாலு பெயரையும் பள்ளியிலும் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு கெட்டி அட்டையில் முன்பக்கம் தமிழிலும் பின்பக்கம் இந்தியிலும் போன் நம்பர்களைப் பெரிதாக எழுதி, தண்ணீர் புகாமல் செல்லோடேப் சுற்றி, பையின் உள் ஜிப்பில் வைத்துவிடுவார். அதில் கடைசி நம்பர் திருநெல்வேலியில் இருக்கும் என் நாத்தனாருடையது. ஊருக்குள் லைன் கிடைக்காதபோது வெளியூருக்குக் கிடைக்கலாம், தகவல் எல்லாம் அங்கே போய்ச் சேரட்டும் என்பது அவர் கணக்கு.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் தென்மும்பையில் இருக்கிற கொலாபாவில் சுமார் 73 தான். அதனால் அந்தப் பக்கம் இருந்த பலருக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்றே தெரியாது. மித்தி ஆறு குர்லா, கலினா பக்கமெல்லாம் ஏறிவிட்டது. ரயில் நின்றது, செல்போன் செத்தது. நான் செம்பூரில் வீட்டில், கணவர் அந்தேரியில், மகன் மாட்டுங்காவில் பள்ளியில்.

இருட்டிய பிறகு லேண்ட்லைன் அடித்தது. "மதினி, அண்ணன் பேசுச்சு. ஆபீஸ்லயே இருக்காம், எறங்கலையாம்" என்றாள் நாத்தனார். கணவர் எங்களுக்கு அடித்து அடித்துக் கிடைக்காமல் திருநெல்வேலிக்குப் போட்டிருக்கிறார். அன்று காரில் கிளம்பியவர்களில் கதவும் கண்ணாடியும் திறக்காமல் உள்ளேயே மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. மகன் வேனில் ஏறாமல் பள்ளியிலேயே நின்றுவிட்டான். அந்த வேன் கிங்ஸ் சர்க்கிள் தண்ணீரில் நின்றுபோய், அக்கம்பக்கத்து ஜனங்கள்தான் பிள்ளைகளைத் தூக்கி ஒரு கட்டிடத்தின் மாடியில் ஏற்றினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மாமனார் போய் இவனைக் கூட்டி வந்தார்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. அன்று ராத்திரி நான் மகனைத் தேடி வெளியே போகவில்லை. அதற்காக "பெத்த பிள்ளை அங்க கிடக்க இவ வீட்ல உட்கார்ந்திருந்தா" என்று ஊரில் ஒவ்வொரு விசேஷத்திலும் பேசினார்கள். நான் உட்கார்ந்திருந்தது தெரிந்துதான். அந்தத் தண்ணீரில் இறங்கி நான் போயிருந்தால், அவனைத் தேடுவதோடு என்னையும் யாராவது தேட வேண்டியிருந்திருக்கும். பேசினவர்களே இங்குள்ள டாடா புற்றுநோய் மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வரும்போது மாதக்கணக்கில் தங்கியது எங்கள் வீட்டில்தான். அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, டோக்கனுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றதும் நான்தான். ஊருக்குத் திரும்பியதும், "பம்பாய் பிள்ளை வளர்க்கிற இடமா?" என்பார்கள். சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

"இப்போதுதான் வாட்ஸ்அப்பில் லொகேஷனே அனுப்பலாமே" என்று யாராவது கமெண்டில் சொல்வீர்கள். அனுப்புங்கள், நானும் அனுப்புகிறேன். ஆனால் 2020 அக்டோபர் 12 அன்று மின்சாரம் போய் நகரத்தின் பெரும் பகுதி இருண்டு ரயில்களும் நின்றதே, அது ஸ்மார்ட்போன் காலம்தான். சார்ஜ் தீர்ந்தால் அப்பா நம்பரைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். இரண்டு நம்பராவது மனப்பாடமாக இருக்கட்டும்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். தெருவில் தண்ணீர் நிற்கும்போது நடந்தே ஆக வேண்டுமென்றால் குடைக்கம்பால் முன்னே குத்திப் பார்த்து, சுவரோரமாக நடங்கள். தண்ணீர் சுழன்று இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். 2017 ஆகஸ்ட் மழையில் ஒரு மூத்த மருத்துவர் திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்துதான் இறந்தார். ராத்திரி படுக்கும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்யுங்கள். மாநகராட்சியின் பேரிடர் எண் 1916, மற்ற எல்லாவற்றுக்கும் 112.

பிள்ளையின் பள்ளியில் யார் யார் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று நாளைக்கே பாருங்கள். உங்கள் இரண்டு பேர் பெயர் மட்டும் இருந்தால், பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிற ஒருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அவரிடம் முதலில் கேட்டுவிட்டு.